மெயில் திரும்பி வந்தால் யாரைக் கேட்பது?

அனுப்பிய மின்னஞ்சல் திரும்பி வந்தால் நம் அலுவலகங்களில் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். அதே மடலை இன்னொரு முறை அனுப்பிப் பார்ப்பார்கள். அதுவும் திரும்பினால் எதிர்த்தரப்புக்குப் போன் போட்டு, "உங்க மெயில் பாக்ஸ் ஃபுல்லா இருக்கானு பாருங்க" என்பார்கள். அங்கே எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று பதில் வந்ததும், யாராவது ஒருவருடைய சொந்த ஜிமெயில் கணக்கிலிருந்து விலைப்பட்டியல் போய்ச் சேரும். அன்றைய நெருக்கடி அன்றோடு போயிற்று. திருப்பூரிலிருந்து வெளிநாட்டுக்குப் பின்னலாடை அனுப்பும் நிறுவனமோ, பெற்றோருக்குக் கட்டண ரசீது அனுப்பும் பள்ளியோ, கட்சிக்காரருக்கு நோட்டீஸ் நகல் அனுப்பும் வழக்கறிஞர் அலுவலகமோ, எங்கும் இதே கதைதான். திரும்பி வந்த அறிவிப்பை மட்டும் யாரும் கடைசிவரை படிப்பதில்லை. காரணம் அதிலேயே எழுதியிருக்கிறது. பல நேரங்களில் அந்தக் காரணம் அனுப்பியவரின் சொந்த டொமைனுக்கான டிஎன்எஸ் அமைப்பில் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலை ஏன் வாரக்கணக்கில் இழுக்கிறது என்று பார்த்தால், தொழில்நுட்பச் சிக்கல் அங்கே குறைவு. டிஎன்எஸ் பேனலைத் திறக்கும் கடவுச்சொல் நிறுவனத்திடம் இல்லை என்பதுதான் விஷயம்.

திரும்பி வரும் அறிவிப்பை எழுதுவது யார் என்பதிலிருந்து தொடங்கலாம். ஜிமெயில் முகவரிக்கு அனுப்பியது திரும்பினால் கூகுள்தான் நமக்கு எழுதியிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் எழுதுவது நம்முடைய சர்வர். அது கூகுளின் சர்வரைத் தொடர்புகொண்டு மடலை நீட்டியது. அவர்கள் வாசலிலேயே மறுத்துவிட்டார்கள். மறுத்தபோது சொன்ன வரியை அப்படியே எடுத்துப்போட்டு நமக்குத் தகவல் சொல்கிறது. மேலே உள்ள வழக்கமான வருத்த வாசகத்தைத் தாண்டி அந்த வரிக்கு வர வேண்டும். அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 5 என்று தொடங்கினால் நிரந்தர மறுப்பு. குறையைச் சரிசெய்யாமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. 4 என்று தொடங்கினால் தற்காலிகம். நம் சர்வரே விட்டுவிட்டு முயன்றுகொண்டிருக்கும். அந்த முயற்சியை நான்கைந்து நாளாவது தொடர வேண்டும் என்பது மின்னஞ்சல் தரநிலையில் உள்ள விதி. திங்கட்கிழமை அனுப்பிய டெண்டர் ஆவணம் போகவே இல்லை என்ற இறுதிச் செய்தி சனிக்கிழமை வந்து சேர்வது இதனால்தான். மூன்று இலக்கத்தை அடுத்துப் புள்ளி வைத்த இன்னொரு எண் வரும். 5.1.1 என்றால் அப்படி ஒரு பெறுநரே இல்லை. முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள், டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டாம். 5.2.2 என்றால் பெட்டி உண்மையாகவே நிறைந்திருக்கிறது. 5.7 என்று தொடங்குபவைதான் நம் கட்டுரைக்கு உரியவை. பெறுநர் இருக்கிறார், இடமும் இருக்கிறது, அனுப்புகிறவர்மேல்தான் நம்பிக்கை இல்லை என்று அதற்கு அர்த்தம். 5.7.23 எஸ்பிஎஃப் சோதனையில் தோல்வி, 5.7.25 தலைகீழ் டிஎன்எஸ் சோதனையில் தோல்வி, 5.7.26 ஒன்றுக்கு மேற்பட்ட அடையாளச் சோதனைகளில் தோல்வி; இவை என்ன சோதனைகள் என்பது கீழே வரும். 2014இல் வந்த தரநிலை ஒன்று இந்த எண்களை வரையறுத்தது. வெறும் 5.7.1 என்று இருந்தால் எண்ணை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ள வாக்கியத்தைப் படிக்க வேண்டும். ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைப் பட்டியலிடும் ஏதாவதொரு பிளாக்லிஸ்ட்டின் பெயர் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம்.

நம்பிக்கைப் பிரச்சினை எப்படி வந்தது? ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையில் அனுப்புநர் சொல்லும் பெயர் உண்மையா என்று சரிபார்க்க வழியே கிடையாது. ஒருவரை ஒருவர் அறிந்த பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும் பேசிக்கொண்ட வலைப்பின்னலுக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றும் எந்த சர்வரும் எந்த நிறுவனத்தின் பெயரைப் போட்டும் மடல் அனுப்ப முயலலாம், நெறிமுறை தடுக்காது. ஆகவே பெறுகிறவர்கள் வேறோர் இடத்தில் போய் விசாரிக்கிறார்கள். அந்த இடம்தான் டிஎன்எஸ், அதாவது டொமைன் பெயருக்குரிய விவரங்களை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கும் பதிவேடு. வங்கி நம் முகத்தைப் பார்த்தா காசோலையைப் பணமாக்குகிறது? முன்பே கொடுத்துவைத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுத்தானே! நம் பெயரில் மடல் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அதிகாரம் உண்டு, கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி எது, பொருந்தாவிட்டால் மடலை என்ன செய்யலாம் என்ற மூன்றையும் நாம்தான் முன்கூட்டியே டிஎன்எஸ்ஸில் எழுதி வைக்க வேண்டும். முதலாவது எஸ்பிஎஃப், இரண்டாவது டிகேஐஎம், மூன்றாவது டிமார்க்.

இவற்றில் அதிகம் சொதப்பப்படுவது எஸ்பிஎஃப். அது ஒற்றை வரிப் பதிவு. அனுமதி பெற்ற ஐபி முகவரிகளும், நம் சார்பில் அனுப்பும் பிற சேவைகளின் பெயர்களும் அதில் வரிசையாக இருக்கும். வரியின் கடைசியில் 'ஆல்' என்ற சொல். அந்தச் சொல்லுக்கு முன்னால் நிற்கும் ஒற்றைக் குறியில்தான் எல்லாம் இருக்கிறது. கழித்தல் குறி என்றால், பட்டியலில் இல்லாத எவருக்கும் அதிகாரம் இல்லை. அலைக்குறி என்றால் சந்தேகத்தோடு பாருங்கள். கூட்டல் குறி என்றால் உலகில் யார் வேண்டுமானாலும் எங்கள் பெயரில் அனுப்பலாம்! மெயில் திரும்புகிறது என்று புலம்புகிறவர்களுக்கு "கூட்டல் குறி போட்டுப் பாருங்க, சரியாகிடும்" என்று அறிவுரை சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டு மக்கர் செய்யவில்லை என்று சொல்வதற்கு ஒப்பான யோசனை அது. உண்மையான பிழைகள் வேறு மாதிரி. ஹோஸ்டிங்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றும்போது புது எஸ்பிஎஃப் பதிவைச் சேர்த்துவிட்டுப் பழையதை எடுக்க மறப்பது. ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. அடுத்தது, பில் அனுப்பும் மென்பொருள், சம்பளச் சீட்டு அனுப்பும் சேவை, செய்திமடல் சேவை என்று ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொண்டே போவது. இந்தப் பதிவைச் சரிபார்க்க பெறுநரின் சர்வர் அதிகபட்சம் 10 டிஎன்எஸ் விசாரணைகள்தான் செய்யும். பதினொன்றாவது தேவைப்பட்டால் மொத்தப் பதிவும் பிழை என்று ஒதுக்கிவிடும். புதிதாகச் சேர்த்த செய்திமடல் சேவையால், ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அலுவலக மடல்கள் திரும்ப ஆரம்பிப்பது இப்படித்தான்.

டிகேஐஎம்மில் பிழைகள் எண்ணிக்கையில் குறைவு, கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அனுப்பும் சர்வர் தன் ரகசியச் சாவியால் மடலில் கையொப்பமிடுகிறது. அதைச் சரிபார்க்கும் பொதுச்சாவி டிஎன்எஸ்ஸில் இருக்கிறது. டிஎன்எஸ் உரைப்பதிவில் ஒரு துண்டுக்கு 255 எழுத்துகள்தான் எல்லை. இன்று பரிந்துரைக்கப்படும் 2048 பிட் சாவி அதைவிட நீளமானது. இரண்டு துண்டாக்கி எழுத வேண்டும். சில பேனல்கள் தாமாகவே துண்டாக்கும், சில சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும். பேனலில் பார்த்தால் பதிவு இருக்கும்; கையொப்பம் மட்டும் ஒவ்வொரு முறையும் பொய்யாகும். டிமார்க்கோ, பெறுநர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியின் டொமைனும், எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் தேறிய டொமைனும் ஒன்றுதானா என்று கேட்கிறது. செய்திமடல் சேவை தன் டொமைனுக்கு எல்லாச் சோதனையிலும் தேறியிருக்கும். மடலின் நெற்றியில் உங்கள் பெயர் இருக்கும். இரண்டும் பொருந்தாததால் மடல் திரும்பும். அந்தச் சேவையின் அமைப்புப் பக்கத்தில் உங்கள் டொமைனுக்கான கையொப்பத்தை இயக்கி, அது தரும் பதிவுகளை உங்கள் டிஎன்எஸ்ஸில் சேர்த்தால் தீர்ந்தது. இவையெல்லாம் தேறுகின்றனவா என்று அறியக் கட்டணக் கருவி எதுவும் வேண்டாம். ஏதாவதொரு ஜிமெயில் கணக்குக்கு ஒரு மடல் போட்டு, அங்கே அசல் மடலைக் காட்டும் வசதியைத் திறந்தால், மூன்று சோதனைகளின் முடிவும் மேலேயே அட்டவணையாக இருக்கும்.

பிடிஆர் பதிவு என்று ஒன்று உண்டு. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மடல் திரும்பினால் பார்க்க வேண்டியது இது. பெயரைக் கொடுத்து ஐபி முகவரியைக் கேட்பது டிஎன்எஸ்ஸின் வழக்கமான வேலை. ஐபி முகவரியைக் கொடுத்துப் பெயரைக் கேட்பது தலைகீழ் விசாரணை. உங்கள் சர்வரின் முகவரி 203.0.113.25 என்று வைத்துக்கொண்டால், அந்த எண்களை 25.113.0.203 என்று கடைசியிலிருந்து திருப்பி எழுதி, 'இன்-அட்டர்.ஆர்ப்பா' என்ற வாலைச் சேர்த்து விசாரிப்பார்கள். பதிலாக வரும் பெயர் மறுபடி அதே ஐபி முகவரியைக் காட்ட வேண்டும். பதிலே வராவிட்டாலோ, வீட்டு பிராட்பேண்ட் இணைப்புக்கு வைத்தது போன்ற எண்கள் நிறைந்த பெயர் வந்தாலோ, பெரிய சேவைகள் சந்தேகப்படும். இந்தப் பதிவை உங்கள் டொமைன் பேனலில் எத்தனை முறை சேர்த்தாலும் யாரும் அதைப் படிக்கப்போவதில்லை. ஐபி முகவரித் தொகுதி யார் வசம் இருக்கிறதோ, அந்த இணையச் சேவை நிறுவனமோ ஹோஸ்டிங் நிறுவனமோதான் அதை எழுத முடியும். ஆகவே அவர்களுக்கு எழுத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டும்: இந்த ஐபி முகவரிக்கு இந்தப் பெயர் என்று ஒரே வரி. நிலையான ஐபி முகவரிக்கென்று தனியாகப் பணம் வாங்கும் நிறுவனத்திடம் இதைக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. இதிலேயே உள்ள இன்னொரு கண்ணி ஐபிவி6. சர்வரில் அது இயங்கிக்கொண்டிருப்பதே பலருக்குத் தெரியாது. சர்வர் தானாக அந்த வழியில் ஜிமெயிலுக்குப் போகும், ஐபிவி4 முகவரிக்குப் பிடிஆர் இருக்கும், ஐபிவி6 முகவரிக்கு இருக்காது, ஜிமெயில் மறுக்கும். சில மடல் போகிறது, சில மடல் போகவில்லை என்ற குழப்பமான புகாருக்குப் பின்னால் இது இருக்கக்கூடும். ஐபிவி6க்கும் பிடிஆர் வாங்குங்கள்; கிடைக்கும்வரை மடல் அனுப்ப ஐபிவி4 மட்டும் போதும் என்று சர்வரில் அமைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் திருத்தியாகிவிட்டது, பலன் மட்டும் தெரியவில்லை என்று சிலர் சொல்வார்கள். டிஎன்எஸ்ஸில் ஒவ்வொரு பதிவுக்கும் ஆயுள் உண்டு; டிடிஎல் என்பார்கள். 86,400 என்று எழுதியிருந்தால் அத்தனை விநாடி, அதாவது ஒரு முழு நாள், பழைய பதிலையே உலகம் நினைவில் வைத்திருக்கும். இடம் மாறுவதற்கு முந்தைய நாளே இந்த எண்ணைக் குறைத்துவைப்பது வழக்கம். ஒரு நாள் கழிந்தும் மாறவில்லை என்றால், திருத்திய இடமே தவறாக இருக்கும். ஹோஸ்டிங் பேனலில் ஒரு டிஎன்எஸ் பக்கம் இருக்கும். டொமைன் வாங்கிய இடத்தில் இன்னொன்று. இடையில் வேறொரு சேவையைச் சேர்த்திருந்தால் மூன்றாவது. டொமைனின் நேம்சர்வர் எதைச் சுட்டுகிறதோ அது ஒன்றுதான் உயிருள்ளது. மற்றவை வெறும் படிவங்கள். அவற்றிலும் சேமிக்கலாம், பச்சை நிறத்தில் வெற்றி என்று செய்தியும் வரும், உலகம் பார்க்காது. விண்டோஸில் ஏற்கெனவே உள்ள 'என்எஸ்லுக்கப்' கட்டளையால் நேம்சர்வரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நிமிடம் போதும். நேம்சர்வர் எது என்று தெரிந்த பிறகு வரும் கேள்விதான் பல நிறுவனங்களில் அமைதியை உண்டாக்குகிறது: அந்தக் கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது?

வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் கணக்கிலேயே டொமைனையும் வாங்கி, ஆண்டுக்கொரு முறை ஒரு தொகையை வாங்கிக்கொண்டு புதுப்பித்துத் தருவது இங்கே சாதாரணமான ஏற்பாடு. இதில் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. பலர் வாடிக்கையாளரின் தொந்தரவைக் குறைக்கவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பதிவேட்டில் யார் பெயர் உரிமையாளராக இருக்கிறதோ அவருக்குத்தான் உரிமைகள். காம், நெட், ஆர்க் போன்ற பெயர்களுக்கு, டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதிகள் பொருந்தும். காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவாளர் நிறுவனம் நினைவூட்ட வேண்டும். காலாவதியான 5 நாளுக்குள் இன்னொரு முறை. வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள உரிமையாளர் மாற்றுக் குறியீட்டைக் கேட்டால் 5 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் ஐகேனிடம் இணையவழியில் புகார் செய்யலாம். இன் என்று முடியும் இந்தியப் பெயர்களை நிக்சி என்ற இந்திய அமைப்பு தனி விதிகளோடு நிர்வகிக்கிறது. இந்த நினைவூட்டல்களெல்லாம் எங்கே போகின்றன என்று யோசித்துப் பாருங்கள். பதிவில் உள்ள மின்னஞ்சல் முகவரிக்கு. அது வெப்சைட் செய்தவருடைய பழைய முகவரியாக இருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. உங்கள் டொமைனிலேயே உள்ள முகவரியாக இருந்தால் வேறு ஆபத்து: டொமைன் நின்றதும் மெயிலும் நிற்கும், மெயில் நின்றால் மீட்கும் வழிமுறைக் கடிதமும் வராது. காலாவதியான பெயரிலிருந்து மடல் அனுப்ப முயன்றால், அனுப்புநரின் டொமைனையே காணோம் என்று பெறுநரின் சர்வர் மறுப்பது இயல்புதானே. எஸ்பிஎஃப் வரியை அலசிக்கொண்டிருக்கும்போது புதுப்பிக்காத டொமைன்தான் காரணம் என்று தெரியவருவது அபூர்வமல்ல.

பத்து வருடமாக இதே அமைப்பில் மெயில் போய்க்கொண்டிருந்தது, இப்போது மட்டும் என்ன வந்தது என்று கேட்பது நியாயமான கேள்வி. விதி மாறியிருக்கிறது. கூகுளும் யாஹூவும் புதிய விதிகளை 2023 அக்டோபரில் அறிவித்து, 2024 பிப்ரவரியிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தன. ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்புகிறவரானாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்க வேண்டும், பிடிஆர் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் கட்டாயம். ஸ்பேம் என்று புகாராகும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்திலிருந்து அவுட்லுக் முகவரிகளுக்கு இதே பாதையில் வந்தது. நாங்கள் 5,000 அனுப்புவதில்லையே என்று ஆறுதல் கொள்கிறவர்கள் முதல் விதியை மறந்துவிடுகிறார்கள். விதி கடுமையானது ஒரே நாளில் அல்ல, படிப்படியாக இறுக்கினார்கள். அதனால்தான் ஒருவருக்கு மார்ச்சில் திரும்பத் தொடங்கியது, இன்னொருவருக்கு அடுத்த ஆண்டு.

இதில் பெரிய நிறுவனங்களின் எதேச்சாதிகாரம் இல்லையா? இருக்கிறது. பெரும்பான்மையோரின் அஞ்சல்பெட்டிகள் இரண்டு மூன்று நிறுவனங்களிடம் குவிந்திருப்பதால், அவர்கள் வைத்ததே சட்டமாகிறது. எல்லாப் பதிவும் பிசகில்லாமல் இருந்தும் சிறு சர்வரின் மடல் ஸ்பேம் பெட்டியில் விழுவதுண்டு. அங்கே மேல்முறையீடு செய்ய மனிதர் கிடைக்கமாட்டார். டிஎன்எஸ் சரியாக இருப்பது உள்ளே நுழையத் தேவையான தகுதி, நுழைவுக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் இந்தச் சோதனைகளை அந்த நிறுவனங்கள் தனியே கண்டுபிடித்துப் பூட்டிவைக்கவில்லை. எஸ்பிஎஃப் 2006லும் டிகேஐஎம் 2007லும் டிமார்க் 2015லும் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய ஆவணங்களாக வெளிவந்தன. பதிவைச் சேர்க்கப் பணம் கிடையாது. அதிகாரத்தை எதிர்ப்பவர் முதலில் தன் பக்கத்துக் குறையை நீக்கிவிட்டு எதிர்த்தால் வாதத்துக்குப் பலம் கூடும். பிளாக்லிஸ்ட்டுகள் விஷயமும் அப்படியே. 1997இல் பால் விக்ஸி தொடங்கிவைத்த இந்த முறையும் டிஎன்எஸ் வழியாகத்தான் இயங்குகிறது. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே ஐபி முகவரியை நூறு பேர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவர் ஸ்பேம் அனுப்பினாலும் மற்ற அனைவருக்கும் கறை படியும். அந்த நிலையில் வேறு ஐபி முகவரி கேட்க வாடிக்கையாளருக்கு முழு நியாயம் உண்டு. பட்டியலிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம். பெரும் பட்டியல்களை வைத்திருக்கும் ஸ்பாம்ஹாஸ் அமைப்பு இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, இலவச ஜிமெயில் முகவரியையே விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பார்கள். ஓராள் தொழிலுக்கு அது போதும். அதைத் தாழ்வாக நினைக்கவும் வேண்டாம். ஆனால் சொந்த டொமைன் இருக்கும் நிறுவனம், மெயில் திரும்பும்போதெல்லாம் ஊழியர்களின் சொந்தக் கணக்குகளிலிருந்து பில் அனுப்பிப் பழகினால், வாங்குபவர்களும் எந்த முகவரியிலிருந்து வந்தாலும் நம்பப் பழகிவிடுவார்கள். "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்ற மோசடி மடலுக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. அப்படிப் பணம் போய்விட்டால் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு உடனே பேச வேண்டும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். டிமார்க்கில் வெறுமனே கவனிக்க மட்டும் செய்யும் தளர்ந்த நிலையை வைத்துவிட்டு மறந்துபோவதும் இதே வகை ஆபத்துதான். வட கொரியாவின் கிம்சுக்கி ஹேக்கர் குழு இப்படித் தளர்ந்த டிமார்க் அமைப்புகளைப் பயன்படுத்திக்கொண்டு பிறர் பெயரில் மடல் அனுப்புகிறது என்று அமெரிக்க அமைப்புகள் 2024 மே மாதம் எச்சரித்தன. அதே ஆண்டு பிப்ரவரியில் இணையப் பாதுகாப்பு நிறுவனமான கார்டியோ லேப்ஸ் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெரிய பாடம். பிரபல நிறுவனங்களுடையவை உட்பட 8,000க்கும் மேற்பட்ட டொமைன்களின் பெயரில் ஸ்பேம் போயிருந்தது. எஸ்பிஎஃப்பில் தேறியே போயிருந்தது. பழைய பதிவுகள் சுட்டிக்கொண்டிருந்த டொமைன்கள் காலாவதியாகியிருந்தன. வேறு யாரோ அவற்றை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள். நிறுத்திவிட்ட சேவையின் பெயரை எஸ்பிஎஃப் வரியிலிருந்து எடுக்காமல் விடுவது எதில் கொண்டுபோய் விடும் என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரும்பிய மடல் அறிவிப்பு போலவே வேடமிட்டு, "உங்கள் மடல்கள் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன, விடுவிக்க உள்நுழையுங்கள்" என்று வருபவை தூண்டில். உண்மையான அறிவிப்பு கடவுச்சொல் கேட்காது.

சட்டத்தின் பக்கம் வந்தால், மடல் திரும்பியதன் விலை சில நேரம் கூடுதல். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 13ஆம் பிரிவு அனுப்பியதையும் பெற்றதையும் இரண்டு நிகழ்வுகளாகப் பிரிக்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அனுப்பியவரின் கட்டுப்பாட்டில் இல்லாத கணினி அமைப்புக்குள் நுழைந்தால் அனுப்பியதாகும். பெறுநர் ஒரு கணினி அமைப்பைக் குறித்துக்கொடுத்திருந்தால், அதற்குள் நுழையும்போது பெற்றதாகும். வாசலிலேயே மறுக்கப்பட்ட மடல் உள்ளே நுழைந்தது என்று வாதிட முடியுமா? ஒப்பந்தத்தை ரத்துசெய்யும் அறிவிப்போ, கடைசித் தேதிக்குள் போக வேண்டிய ஆட்சேபமோ இப்படித் திரும்பியிருந்தால், அனுப்பிவிட்டோம் என்ற நிம்மதியில் இருப்பது ஆபத்து. விரைவுத் தபாலிலும் போட்டுவிடுவது நல்லது. திரும்பிய அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதாது. தலைப்பு வரிகள் முழுதும் உள்ள அசல் மடலையே கோப்பாகச் சேமியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழும் இணைக்க வேண்டியிருக்கும். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்றால், அங்கே ஒரு தடை உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வணிக நோக்கத்துக்காகப் பெறும் சேவைகளைத் தன் வரம்புக்கு வெளியே வைக்கிறது. சொந்தத் தேவைக்கு டொமைனும் மெயிலும் வாங்கிய தனிநபர் 1915 என்ற உதவி எண்ணைக் கூப்பிடலாம். நிறுவனத்துக்கு ஹோஸ்டிங்காரரோடு போட்ட ஒப்பந்தம்தான் துணை. அந்த ஒப்பந்தம் பெரும்பாலும் யாரும் படிக்காமல் 'சம்மதம்' என்று தட்டிய பக்கமாக இருக்கிறது.

வெப்சைட் செய்கிறவரோடு எழுதிக்கொள்ளும் அடுத்த ஒப்பந்தத்திலாவது சிலவற்றைச் சேர்க்கலாம். டொமைன் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். தொடர்பு முகவரி அந்த டொமைனில் இல்லாத, நிறுவனம் கண்காணிக்கும் முகவரியாக இருக்க வேண்டும். டிஎன்எஸ் பேனலின் நிர்வாகக் கடவுச்சொல் நிறுவனத்திடமும் இருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரில் மடல் அனுப்பும் சேவைகளின் பட்டியல் எழுத்தில் வேண்டும். ஏற்கெனவே டொமைன் அவர் பெயரில் இருந்தால் என்ன செய்வது? இங்கே மேலே சொன்ன 5 நாள் விதி உங்களைக் காப்பாற்றாது, ஏனென்றால் பதிவேட்டின்படி உரிமையாளர் அவர்தான். விதி அவருக்குத்தான் துணை நிற்கும். வணிகமுத்திரை உரிமையை நிரூபிக்க முடிந்தால் டொமைன் தகராறு நடுவர் முறைக்குப் போகலாம், இல்லாவிட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான். ஆகவே உறவு நன்றாக இருக்கும்போதே உரிமையாளர் பெயரை மாற்றித் தரக் கேளுங்கள். காம் போன்ற பெயர்களில் இந்த மாற்றத்துக்குப் பிறகு வேறு பதிவாளர் நிறுவனத்துக்குப் போக முடியாதபடி 60 நாள் பூட்டு விழக்கூடும். அது இடமாற்றத்துக்கு மட்டும்தான். டிஎன்எஸ் பதிவுகளைத் திருத்துவதற்குத் தடையில்லை. எஸ்பிஎஃப் வரியையும் டிகேஐஎம் சாவியையும் அன்றே போட்டுவிடலாம்.